மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வாசிக்கவே வரவில்லை, டிஸ்லெக்சியாவா?

விழுப்புரம்_அம்மா:
வணக்கம். என் பையனுக்கு எட்டு வயது, இங்கிலீஷ் மீடியம். வாய்ப்பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது, தாத்தாவோடு உட்கார்ந்து மிக்சியைக் கழற்றி மாட்டிவிடுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வயிற்றுவலி, தாகம், பாத்ரூம். இங்கிலீஷ்தான் தகராறு, தமிழ் வாசிக்கிறான் என்று போன மாதம் வரை நினைத்திருந்தேன். ஒருநாள் பாடத்தைக் கடகடவென்று சொல்லிக்கொண்டு போகிறான், விரல் இரண்டு வரி பின்னால் இருக்கிறது! நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்றேன். முதல் வரியிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தைப் பிடித்தான். அத்தனையும் மனப்பாடம். "கொடி" என்று தனியாக எழுதிக் காட்டினால் "கெரடி" என்கிறான். டியூஷனில் தப்பான சொல்லை இருபது தடவை எழுதச் சொல்கிறார்கள், பத்தாவது தடவைக்குள் வேறு தப்பு வந்துவிடுகிறது. கணவர் சோம்பேறித்தனம் என்கிறார். மாமியாரோ, "அவங்க அப்பனும் இப்படித்தான் இருந்தான், சரியாயிடும்" என்கிறார். தமிழ் மீடியத்துக்கு மாற்றலாமா? யாரிடம் காட்டுவது?

சாக்பீஸ்_டப்பா:
சகோதரி, நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர். அந்தக் "கெரடி"யைக் கொஞ்சம் பாருங்கள். "கொ"வில் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். அச்சில் துணைக்காலும் "ர"வும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்கள் பையன் கண்ணில் பட்டதை இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படித்திருக்கிறான்: கெ, ர, டி. கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி "க"வுக்குப் பின்னால்தான் வரும், காலும் கொம்பும் சேர்ந்தால்தான் "ஒ" என்பதெல்லாம் நமக்குத் தானாகப் பழகிவிட்டது, இவர்களுக்குப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். டிஸ்லெக்சியா என்பது புத்தி இருந்தும் வாசிக்க, எழுத மட்டும் சிரமப்படுகிற கற்றல் குறைபாடு. ஒரு சொல்லை வைத்து அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அப்பாவுக்கும் இருந்தது என்பது முக்கியமான தகவல், இது குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு.

முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள், அவை சரியென்று தெரிந்தால் ஒரு சந்தேகம் தீரும். டிஸ்லெக்சியா கண் கோளாறு இல்லை. கலர் கண்ணாடி போட்டால் சரியாகும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அடுத்து மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ கேளுங்கள். உளவியலாளர் நுண்ணறிவுத் தேர்வு வைப்பார், அதோடு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுத் தேர்வுகளும் உண்டு. எட்டு வயது இதற்குச் சரியான வயதுதான்.

மீடியம் மாற்றினால் மட்டும் போகாது, டிஸ்லெக்சியா எந்த மொழியிலும் தலைகாட்டும். தமிழில் எழுத்தும் ஒலியும் ஆங்கிலத்தைவிட ஒழுங்காகப் பொருந்தும், அது ஒரு வசதி. ஆனால் 247 எழுத்து, போதாததற்கு கடல், நகம், தங்கம் மூன்றிலும் "க" மூன்று விதமாக ஒலிக்கிறது.

இருபது தடவை எழுதுவதை நாளைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் தினம் பத்து நிமிடம் போதும். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, வாயால் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். கொம்பும் காலும் சிவப்பில், மெய் நீலத்தில். ஒரு வாரம் முழுக்க "கொ, பொ, தொ" மட்டும், அவசரம் வேண்டாம். வயதுக்கு ஏற்ற கதையை நீங்கள் படித்துக் காட்டுங்கள். வாசிக்க வராததால் அறிவும் பின்தங்கிவிடக் கூடாது.

நடுத்தெரு_நாகராஜா:
என்னைக் கேட்டால் பரிசோதனை, குறைபாடு என்று சர்டிபிகேட் பக்கமே போகாதீர்கள். ஒருமுறை முத்திரை குத்திவிட்டால் ஸ்கூலில் கடைசி பெஞ்ச்தான். நாங்களெல்லாம் படிக்கவில்லையா?

ஈரோடு_தறி:
சார், முத்திரை ஏற்கனவே குத்தியாச்சு. "மக்கு", "சோம்பேறி" எல்லாம் முத்திரை இல்லையா? என் பெண்ணுக்கு ஏழாம் வகுப்பில்தான் கண்டுபிடித்தோம். அதற்குள் அவளே தன்னை முட்டாள் என்று நம்பிவிட்டாள், அதை மாற்றத்தான் பாடம் சொல்லித் தந்ததைவிட அதிக நாள் ஆனது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இதுவும் ஒன்று, சலுகை யாரும் போடும் பிச்சை இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அவளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும், சொல்வதை எழுத ஒரு ஆசிரியையும் கிடைத்தது.

ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள்: எழுதுபவர் வந்தால் மட்டும் போதாது, சொல்லப் பழக வேண்டும். வீட்டில் முதல் தடவை அவள் ஒரே மூச்சில் பதிலைக் கொட்டினாள், எழுதிய என் தங்கை பாதியில் பேனாவைப் போட்டுவிட்டாள். ஒரு வாக்கியம் சொல்லி, நிறுத்தி, "அடுத்த பத்தி" என்று சொல்ல இரண்டு மாதம் பிடித்தது. உங்களுக்கு அதற்கெல்லாம் நிறைய நாள் இருக்கிறது அம்மா. சென்னைக்குப் போக முடிந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991 முதல் இதற்காகவே இயங்குகிறது.

விழுப்புரம்_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. டியூஷனை நிறுத்திவிட்டேன். ரவையில் நேற்று "கொ" போட்டான், மூன்றாவது தடவை சரியாகச் சொன்னான், அப்புறம் சீட்டில் எழுதிக் காட்டிய "தோசை"யைத் "தேரசை" என்றான்! கணவர் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தனக்கும் ஐந்தாவது வரை கால் எது, ர எது என்று குழப்பம்தான் என்றார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவரும் வருகிறார். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

சாக்பீஸ்_டப்பா:
ஆதார், பள்ளி மதிப்பெண் அட்டை, கண், காது சோதித்த சீட்டு. அப்புறம் பழைய நோட்டுகள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தி எழுத வைத்தது வேண்டாம். அடித்துக் கிறுக்கி வைத்திருப்பானே, அந்த நோட்டு.