அதிகாலை 4:40-க்கு ஜன்னலுக்கு நேர் கீழே பைக் சத்தம், என்ன செய்யலாம்?

மாடிவீடு:
வணக்கம். எங்கள் தெரு குறுகலானது, இரண்டு பக்கமும் வீடுகள் சுவரோடு சுவராக இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்பு எதிர்வீட்டுக்குக் குடிவந்த பையன் தினமும் காலை 4:40-க்கு வேலைக்குக் கிளம்புகிறான். பைக்கை ஸ்டார்ட் செய்து அப்படியே நாலைந்து நிமிடம் ஓட விட்டுவிட்டு, உள்ளே போய் ஹெல்மெட் எடுத்து வந்து, இரண்டு முறை ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்த பிறகுதான் நகர்வான். ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் கிர்ரென்று அதிர்வது படுத்தபடியே எனக்குக் கேட்கும். பத்து மாதக் குழந்தை வீறிட்டு எழுந்தால் அப்புறம் யாருக்கும் தூக்கம் கிடையாது. கனமான திரை போட்டேன், ஜன்னல் இடுக்கில் ஃபோம் பட்டை ஒட்டினேன், பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் மாடியிலிருந்து கத்திவிட்டேன், அதிலிருந்து அவன் முகம் கொடுப்பதில்லை. போலீஸில் புகார் கொடுப்பதா, அதற்கு முன் செய்ய ஏதாவது இருக்கிறதா?

ஒர்க்‌ஷாப்:
முதலில் சத்தம் எதனால் வருகிறது என்று பாருங்கள் தங்கச்சி. ஆக்சிலேட்டரை விடும்போது பட் பட்டென்று வெடிக்கிறதா? அப்படியென்றால் சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருக்கலாம், அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும், அது சின்ன வேலை. வெடிப்பே இல்லாமல் ஒரே சீராகக் கனமாக அதிர்ந்தால் சைலன்சரையே மாற்றியிருப்பார்கள், இல்லை உள்ளே சத்தத்தை அடக்க வைத்திருக்கும் பேஃபிளைக் கழற்றியிருப்பார்கள் (டிபி கில்லர் என்று பையன்கள் சொல்வார்களே, அது). கம்பெனி சைலன்சருக்குப் பதிலாக வெளியே வாங்கிப் போட்டது பழசானால் உள்ளே சுற்றியிருக்கும் கிளாஸ் வுல் கருகிப்போய் சத்தம் மாதாமாதம் கூடும், ஓட்டுகிறவனுக்குப் பழகிப்போவதால் அவனுக்கே தெரியாது.

இன்னொன்று, அந்த நாலைந்து நிமிடம் தேவையே இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் அரை நிமிடம் போதும், கிளம்பி முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினாலே இன்ஜின் சூடாகிவிடும். சோக் இழுக்கிற கார்புரேட்டர் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அதற்கும் ஐந்து நிமிடம் வேண்டாம். நிறுத்தி வைத்து முறுக்குவதால் எந்த வண்டிக்கும் நல்லது கிடையாது.

மாடிவீடு:
வெடிப்பதில்லை அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி கனமாக அதிர்கிறது. பழைய வண்டியாக வாங்கினான் என்று கீழ்வீட்டு அக்கா சொன்னார்.

அளவுகோல்:
திரையும் ஃபோமும் ஏன் உதவவில்லை என்று சொல்கிறேன். ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடும்போது வினாடிக்கு 10 முறைதான் எரிகிறது, அதனால் சத்தத்தின் பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். அது துணியைக் கண்டு நிற்காது. இடுக்கை அடைத்தால் கீச்சுச் சத்தம்தான் குறையும். லேமினேட்டட் கண்ணாடியோ, நல்ல இடைவெளி விட்ட இரண்டாவது ஜன்னலோ ஓரளவு உதவும், ஆனால் செலவு. கிர்ரென்ற அதிர்வுக்கு மட்டும் கண்ணாடி சட்டத்தில் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள், ரப்பர் பீடிங் மாற்றினால் அது நின்றுவிடும்.

உண்மையில் பலன் தருவது தூரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும், 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகக் கேட்கும். ஜன்னலிலிருந்து 5 மீட்டரில் ஸ்டார்ட் செய்வதை 20 மீட்டருக்குத் தள்ளிப்போய்ச் செய்தால் 12 டெசிபல். குறுகிய தெருவில் சுவர்கள் திருப்பி அடிப்பதால் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஒரு வாரம் ஃபோன் ஆப்பில் ஒரே ஜன்னல், ஒரே ஃபோன், ஒரே இடம் என்று அளந்து நேரத்தோடு எழுதி வையுங்கள். ஃபோன் அளவு துல்லியமாக இருக்காது, ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட உதவும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் சாலைச் சத்தம் இரவில் வீட்டுக்கு வெளியே சராசரி 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது முழு இரவுக்கான சராசரி. ஐந்து நிமிட பைக் அந்தக் கணக்கில் கரைந்துபோகும், குழந்தையை எழுப்புவது அந்த ஒரு உச்சம்தான், அதனால் உச்ச அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை:
நானும் சத்தமான சைலன்சர் வைத்திருப்பவன்தான். கார்காரர்கள் நம்மைக் கவனிக்க அது உதவுகிறது, உயிருக்குப் பாதுகாப்பு. அவனையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்:
தம்பி, சைலன்சர் வாய் பின்னால் பார்க்கிறது, குறுக்கே திரும்பி நம்மை இடிக்கிற வண்டி முன்னால் இருக்கிறது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவனுக்கு நீ பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கும். விளக்கு, பளிச்சென்ற ஜாக்கெட், இடைவெளி விட்டு ஓட்டுவது, இவைதான் காப்பாற்றும். அப்படியே வைத்துக்கொண்டாலும் வீட்டு வாசலில் நின்று முறுக்குவதற்கு இதில் என்ன இருக்கிறது? எத்தனையோ பையன்கள் பவர் கூடும் என்று நம்பி என்னிடம் பேஃபிளைக் கழற்றச் சொல்வார்கள். கூடுவது சத்தம்தான். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள சைலன்சரைக் கழற்றி எறிந்தால் புகையின் நச்சும் கூடுகிறது. நான் இப்போது அந்த வேலையே செய்வதில்லை.

நர்ஸ்அக்கா:
நான் இரவுப்பணி, பகலில் தூங்குபவள், இதே தொல்லையை அனுபவித்திருக்கிறேன். காலை 4:40-க்குப் பேசாதீர்கள், அப்போது இரண்டு பேருக்கும் எரிச்சல். அவன் வேலை முடிந்து வந்து சாப்பிட்டு ஓய்ந்த நேரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். கத்தியதற்கு முதலில் வருத்தம் சொல்லுங்கள். அப்புறம் பொதுவாக ‘சத்தம் போடாதே’ என்று சொல்லாமல் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்ய முடியுமா என்று. முடியாது என்றால் புகார் கொடுக்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. தேதி, நேரம், வண்டி எண்ணோடு, தூக்கம் கெடும் மற்ற வீட்டுக்காரர்களின் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

மாடிவீடு:
12 நாள் கழித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். அவனுடைய அம்மாதான் கதவைத் திறந்தார், குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டார். அவன் தலை குனிந்து கேட்டான், பிறகு ‘அக்கா, எனக்கு இந்தச் சத்தம்தான் இந்த வண்டியின் சத்தம் என்று நினைத்தேன்’ என்றான். வாசலிலேயே டார்ச் அடித்துப் பார்த்தோம், பேஃபிள் மாட்டுகிற போல்ட் துளை மட்டும் வெறுமையாக இருந்தது. விற்றவர் கழற்றியிருக்கிறார். போன வாரம் வேறொன்று வாங்கி மாட்டிவிட்டான், முனை வரை தள்ளிக்கொண்டும் போகிறான். ஆப்பில் ஜன்னல் பக்கம் உச்சம் 84 காட்டியது இப்போது 66. கண்ணாடிக்கு பீடிங்கும் மாற்றினேன்.

குழந்தை நேற்று 6:15 வரை தூங்கியது. இரவு பதினொன்றுக்கு மேல் தெருவழியாக விரட்டிக்கொண்டு போகும் வெளியாட்கள் மட்டும் பாக்கி, அவர்கள் யாரென்றே தெரியாது. அதற்கு இங்கே ஐந்து வீடு சேர்ந்து வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுத ஆரம்பித்திருக்கிறோம். எதிர்வீட்டுப் பையனும் எழுதுகிறான்.