மறு: சீரிசை இயக்கத்தின் வட்டம்: மேற்கோளா, நிழலா?

ஐயா, வணக்கம். சீரிசை இயக்கத்தை (simple harmonic motion: சுருள்வில்லில் தொங்கும் பொருள்போல் ஒழுங்காக அலைவது) விளக்க உதவும் reference circle என்ற வட்டத்துக்கு 'நிழல்வட்டம்' என்று நான் சொன்ன பெயருக்கு நீங்கள் எழுதிய மறுமொழி இது:

> நிழல்வட்டம் என்றால் வட்டமான நிழல் என்றே எவரும் புரிந்துகொள்வார். மேற்கோள் வட்டம் என்பதே பாதுகாப்பு.

உங்கள் ஐயம் நியாயமானதுதான். ஆனாலும் மேற்கோள் வட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மேற்கோள் என்றதும் எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டுரையில் எடுத்துக்காட்டும் திருக்குறள்தான் நினைவுக்கு வரும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர் சிலருக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தவர்கள் அவர்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் தமிழ்க் கலைச்சொல் எதுவும் அவர்கள் காதில் விழவில்லை. சென்ற வாரம் சுருள்வில்லில் தொங்கும் ஏணையை (குழந்தைத் தொட்டிலை) எடுத்துக்காட்டாகச் சொல்லி, 'கோணத் திசைவேகம்' (angular velocity) என்று பலகையில் எழுதினேன். ஒரு மாணவி கேட்டாள்: "ஏணை மேலும் கீழும்தானே போகிறது, ஐயா? இதில் கோணம் எங்கே இருக்கிறது?"

மறுநாள் இரவு, என் தந்தை பால்வெட்டுக்கு (ரப்பர் மரம் சீவ) ஓட்டிப்போன மிதிவண்டியை, முன்சக்கரம் சுவரைப் பார்த்திருக்க, சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். அவருடைய தலைவிளக்கை வண்டிக்குப் பின்னால், பெடலின் உயரத்தில், எட்டத் தள்ளி வைத்தேன். (கிட்ட வைத்தால் நிழல் பெருத்துவிடுகிறது.) பக்கத்தில் ஏணையைக் கட்டி, சுருள்வில் 25 செ.மீ. நீளும்வரை அரிசிப் பை வைத்தோம். அந்த நீட்சிக்கு அலைவுக் காலம் ஏறத்தாழ 1 நொடி. பெடல்தண்டின் நீளம் 17 செ.மீ.; ஏணையையும் அதே அளவு கீழே இழுத்துவிட்டு, பெடலை நொடிக்கு ஒரு சுற்றாகச் சுழற்றினோம். பெடலின் நிழலும் ஏணையின் நிழலும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. மேல்முனையிலும் கீழ்முனையிலும் தயங்கி, நடுவில் விரைந்தன. பெடல் மட்டும் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நிழலைப் பார்த்தாள், திரும்பிப் பெடலைப் பார்த்தாள், "கோணம் அங்கே இருக்கிறது" என்றாள்.

சுற்றும் பொருளை மையத்தை நோக்கித் திருப்பும் மையநோக்கு முடுக்கமும் அப்படியே நிழலில் விழுகிறது. பெடல் உச்சியில் இருக்கும்போது முடுக்கம் முழுவதும் நேர்கீழாக இருப்பதால் நிழலுக்கு அது முழுமையாகக் கிடைக்கிறது. பெடல் பக்கவாட்டில் இருக்கும்போது நிழலுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. முனையில் மீள்விசை (பொருளை நடுவுக்குத் திருப்பி இழுக்கும் விசை) பெருமம், நடுவில் சுழி என்று நாம் மனப்பாடம் செய்ய வைப்பது இதைத்தான்.

இனி உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் ரப்பர் மரத்தைப் பால்மரம் என்கிறோம். பாலால் ஆன மரம் என்று யாரும் நினைப்பதில்லை. பாலைத் தரும் மரம். நிழல்மரமும் அப்படித்தான். 'ஐ' என்ற உருபும் 'தரும்' என்ற சொல்லும் மறைந்து நிற்பதால், உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று இலக்கணம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. நிழலைத் தரும் வட்டம் நிழல்வட்டம். நீங்கள் அஞ்சும் பொருளுக்கு 'வட்டநிழல்' என்ற சொல் தனியாக இருக்கிறது. இன்னொரு நண்பர் முன்வைத்த 'துணைவட்டம்' எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் நீள்வட்டக் கணிதத்தில் அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்தப் பெயர் வந்துவிட்டால் 'கோண அதிர்வெண்' (angular frequency, குறியீடு ஒமேகா) என்ற சொல்லும் தேவைப்படாது. அதிர்வெண்ணில் எண் இருக்கிறது. நொடிக்கு எத்தனை அலைவு என்ற எண்ணிக்கை அது. ஒமேகாவோ நொடிக்கு எத்தனை ரேடியன் (ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 6.28 ரேடியன்) என்ற அளவு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டுவதால் 6.28 மடங்கு பிழையோடு விடை எழுதுகிறார்கள், வாரந்தோறும் திருத்துகிறேன். நிழல்வட்டத்தின் கோணத் திசைவேகம் என்றே சொல்லிவிடலாமே.

வரையறையாக என் முன்மொழிவு: "சீரான வட்ட இயக்கத்தில் உள்ள புள்ளியின் வீழல் (நிழல்போல் விழும் புள்ளி), வட்டத்தின் விட்டத்தின் மீது சீரிசை இயக்கம் கொள்ளுமாயின், அந்தக் கற்பனை வட்டம் நிழல்வட்டம்."

இதில் 'கற்பனை' இருக்க வேண்டுமா என்பதில்தான் எனக்கு இன்னும் தயக்கம். ஏணைக்கு அது பொருந்தும். 1610இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட வியாழனின் நிலாக்கள், அவற்றின் சுற்றுப்பாதையை நாம் பக்கவாட்டில் பார்ப்பதால், ஒரே கோட்டில் இங்குமங்கும் ஊசலாடுவதாகத்தான் தெரிந்தன. அவற்றுள் கலிஸ்டோ ஏறத்தாழ 16.7 நாளுக்கு ஒருமுறை அந்த ஊசலை முடிக்கிறது. அதன் வட்டம் கற்பனை அன்று.