நெடுங்கால ஆங்கிலம் கற்போரை எழுத வைப்பது எப்படி?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஆறாண்டுகளுக்கு மேல் அமெரிக்கப் பள்ளிகளில் பயின்றும் எல்பேக் (ELPAC) எனும் மாநில ஆங்கிலத் திறன் தேர்வில் ஒரே நிலையில் நின்றுவிட்ட மாணவர்கள் சிலர் என் வகுப்பில் உள்ளனர். கலிபோர்னியாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையோரை நெடுங்கால ஆங்கிலம் கற்போர் எனத் தனியே வரையறுத்தது. இவர்கள் நண்பர்களுடன் சரளமாகப் பேசுவதாலேயே, ஆய்வுக் குறிப்பில் காரணத்தையும் சான்றையும் இணைத்து எழுதத் தடுமாறுவது பலர் கண்ணில் படுவதில்லை. புதிதாக வந்தவர்களுக்கான தொடக்கநிலைப் பாடம் இவர்களுக்கு நிச்சயம் பொருந்தாது. வாக்கியத் தொடக்கங்களைக் கொடுத்து, எழுதுமுன் இருவர் இருவராக விவாதிக்க வைக்கிறேன். பேச்சு வளர்கிறது, எழுத்து நகரவில்லை. அந்த இடைவெளியைக் கடக்க உங்கள் வகுப்பில் பலனளித்த பயிற்சிகளை, மாதிரித் தாள்கள் இருந்தால் அவற்றுடன், அன்புகூர்ந்து பகிருங்கள்.