காலர் டி-ஷர்ட்டில் லோகோ எம்பிராய்டரி: ஃபைலை எப்படித் தயார் செய்வது?

செக்குமேடு:
வணக்கம். கோபி பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். கடையில் இருப்பவர்களுக்கும் டெலிவரிக்குப் போகிறவர்களுக்கும் 40 காலர் டி-ஷர்ட், 20 தொப்பி எடுக்கலாம் என்று இருக்கிறோம். பிரிண்ட் வேண்டாம், எம்பிராய்டரியாகவே இருக்கட்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை.

லோகோ கேன்வாவில் செய்தது. வட்டத்துக்குள் செக்கு, அதைச் சுற்றும் மாடு, பின்னால் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மெல்ல மாறும் சூரியன். கீழே "மரச்செக்கு எண்ணெய்" என்று ஒரே வரி. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஊர்ப் பெயர், போன் நம்பர். கையில் பிஎன்ஜி ஃபைல் மட்டும்தான் இருக்கிறது. திருப்பூரில் ஓர் இடத்தில் "அனுப்புங்க, அப்படியே வந்துடும்" என்றார்கள். இன்னோர் இடத்தில் "இது வராது" என்று முடித்துவிட்டார்கள். என்னதான் செய்யட்டும்?

நூல்மேசை:
"அப்படியே வந்துடும்" என்றவரிடம் கொடுக்காதீர்கள். திருப்பூரில் பஞ்சிங்தான் எனக்குத் தொழில். அப்படிச் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் ஆட்டோ பஞ்சிங் போட்டு, அதாவது தையலைச் சாஃப்ட்வேரே தானாகப் போடும்படி விட்டு, ஓட்டிவிடுவார்கள்.

மெஷினுக்குப் படம் தெரியாதுங்க. ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே நூலை வெட்ட வேண்டும், எந்த இடத்தில் கலர் மாற வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குப் போகும். அதை ஒவ்வொரு தையலாக எழுதிக் கொடுப்பதுதான் பஞ்சிங். அதனால் உங்கள் பக்கம் செய்ய வேண்டிய பெரிய வேலை, லோகோவை நூலுக்கு ஏற்ற மாதிரி இன்னொரு தடவை வரைவது. போர்டுக்கும் எண்ணெய் பாட்டிலுக்கும் இப்போது இருப்பதே இருக்கட்டும்.

வழக்கமாகப் போடும் 40 நம்பர் நூல் துணியில் படுத்தால் சுமார் 0.4 மில்லிமீட்டர் அகலம் வரும். கோடு ஒன்றைச் சாட்டின் தையலில் (நூலைப் பக்கம் பக்கமாக நெருக்கி ஓட்டும் தையல்) நிறைவாகக் காட்ட 1 மில்லிமீட்டராவது வேண்டும். நெஞ்சுப் பக்கம் வரும் லோகோ மொத்தமே 85, 90 மில்லிமீட்டர் அகலம்தான். உங்கள் படத்தை அந்த அளவுக்குப் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மாட்டின் வால், மூக்கணாங்கயிறு, கண் எல்லாம் எவ்வளவு வருகிறது என்று தெரிந்துவிடும். கண்ணை எடுத்துவிடலாம், வாலைத் தடிமன் ஆக்கலாம். போன் நம்பருக்கு அந்த இடத்தில் வாய்ப்பே இல்லை.

இனி எழுத்து. ஆங்கில எழுத்து 5, 6 மில்லிமீட்டர் உயரத்தில் ஓரளவு படிக்கும்படி வந்துவிடும். தமிழுக்கு அது போதாது. உங்கள் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: "எண்ணெய்" என்பதில் மூன்று சுழி ண இரண்டு தடவை வருகிறது, ஒற்றைக்கொம்பு வேறு. சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நூல் அதை மூடிவிடும். புள்ளி அதைவிட மோசம். இரண்டு சொல்லிலும் சேர்த்து நான்கு புள்ளி. பொடிப் புள்ளி என்றால் ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி முடிச்சு மாதிரி எழும்பும், பின்னல் துணியாக இருப்பதால் ஓட்டையே விழலாம். புள்ளியை ஒன்றரை மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். வளையமாக இருந்தால் நிரப்பிவிடுங்கள். பெயரை இரண்டு வரியாகப் பிரித்தால் எழுத்து 9, 10 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கும். ஒரே தடிமன் உள்ள ஃபான்ட்டாக எடுங்கள். ஏறி இறங்கும் தூரிகை எழுத்து வேண்டாம்.

சூரியனின் கலர் மாற்றத்தை விட்டுவிடுங்கள். மஞ்சள், ஆரஞ்சு இரண்டே நூல் போதும். எனக்குப் பிடித்த வழி இன்னொன்று: ஒரே மஞ்சள் நூலை இரண்டு கோணத்தில் ஓட்டினால் வெளிச்சம் படும் விதத்தில் இரண்டு சாயலாகத் தெரியும். வட்டம் முழுக்க நூலால் நிரப்பச் சொல்லாதீர்கள், டி-ஷர்ட் அட்டை போல விறைத்துக்கொள்ளும். துணியின் நிறமே பின்னணியாக இருக்கட்டும்.

ஃபைலை கோரல் டிராவில் வரைந்து, எழுத்தைக் கர்வ்ஸ் ஆக்கி, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, அனுப்புங்கள். பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட் என்றால் இது கட்டாயம். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் உங்கள் எண்ணெய் ஏதோ ஆங்கிலக் கிறுக்கலாக மாறியிருக்கும்.

பனியன்_பாலம்:
நூல்மேசை சொல்வது சரிதான். ஆனால் போன் நம்பர் வேண்டும் என்றால் முதுகில் டிடிஎஃப் பிரிண்ட் (ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டுவது) போட்டுக்கொள்ளலாமே, பைக்கில் போகும்போது பின்னால் வருகிறவர்களுக்கும் தெரியும். இன்னொன்று, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சிங்கிள் ஜெர்ஸியில், அதாவது சாதாரண டி-ஷர்ட்டின் வழவழப்பான பின்னல் துணியில், எம்பிராய்டரி போட்டால் சுற்றிலும் துணி சுருங்கும். பொடிக் குழிகள் உள்ள, காலர் டி-ஷர்ட்டுக்குப் போடும் மேட்டி துணியை 220 ஜிஎஸ்எம்மில் எடுங்கள்.

செக்குமேடு:
ரொம்ப நன்றிங்க. பேப்பரில் எடுத்துப் பார்த்தேன், ஊர்ப் பெயரைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை! எடுத்துவிட்டோம். மூன்று சந்தேகம். அதே ஃபைல் தொப்பிக்கும் ஆகுமா? டி-ஷர்ட்டில் எண்ணெய்க் கறை படும், வெந்நீரில் சோடா போட்டுத்தான் துவைப்போம், நூல் தாங்குமா? யூனிட்டில் எந்த ஃபைலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது?

நூல்மேசை:
தொப்பிக்கு ஆகாது. முன்பக்கத்தில் உயரம் 55 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடம். வட்டமும் இரண்டு வரிப் பெயரும் சேர்ந்து அங்கே உட்காராது. தொப்பிக்குச் செக்கும் மாடும் மட்டும் போடுங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும், கீழிருந்து மேலாகவும் தைக்கும்படி அதைத் தனியாகப் பஞ்ச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் துணி நடுவில் புடைக்கும். ஆறு துண்டுத் தொப்பியில் நெற்றி நடுவே தையல் வரும், மெல்லிய கோடு எதுவும் அதன்மேல் விழக்கூடாது. ஐந்து துண்டுத் தொப்பி எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

நூல் பாலியஸ்டர் என்று சொல்லிக் கேளுங்கள். ரேயான் பளபளப்பு அழகுதான், ஆனால் பிளீச்சிங் பட்டால் போய்விடும். உள்பக்கம் வைக்கும் பேப்பர், பின்னல் துணிக்குக் கத்தரித்து எடுக்கும் வகையாக இருக்கட்டும். கிழித்து எடுக்கும் வகை வைத்தால் நாலு துவைப்பில் லோகோ நெளியும். மேட்டி துணியின் குழியில் எழுத்து அமுங்காமல் இருக்க, மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் போடச் சொல்லுங்கள்.

மெஷினில் ஓடுவது டிஎஸ்டி ஃபைல். அதில் கலர் எங்கே மாறுகிறது என்பது மட்டும் இருக்கும், என்ன கலர் என்பது இருக்காது. அதனால் நூல் நம்பரை ஷேட் கார்டை (நூல் கம்பெனியின் கலர் அட்டை) பார்த்து எழுதி வாங்குங்கள். வில்காம் என்ற பஞ்சிங் சாஃப்ட்வேரில் செய்திருந்தால், திருத்தக்கூடிய அதன் மூல ஃபைலான இஎம்பியையும் கேளுங்கள். சிலர் தர யோசிப்பார்கள், பஞ்சிங் கூலி பேசும்போதே சொல்லிவிட வேண்டும். பின்னால் அளவு மாற்ற அதுதான் உதவும். டிஎஸ்டியைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டினால் தையலுக்கு நடுவே துணி தெரியும், குறைத்தால் நூல் நெருங்கிக் கட்டிபடும்.

சாம்பிளை உங்கள் மேட்டி துணியிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், வேறு ஏதோ துண்டில் வேண்டாம். பின்னல் துணி இழுபடும், வட்டம் முட்டை வடிவமாகிவிடும். அதற்கு ஈடாகப் பஞ்சிங்கில் கொஞ்சம் அகலம் கூட்டிப் போட்டிருக்கிறார்களா என்பது அந்தத் துணியில் தைத்தால்தான் தெரியும். சாம்பிளை ஒரு தடவை துவைத்து, காய்ந்ததும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.