மாடி எலுமிச்சைக்கும் ஹால் ஆந்தூரியத்துக்கும் ஒரே கவனிப்பு சரிவருமா?

மேடவாக்கம்_மாடி:
வணக்கம். மொட்டை மாடியில் 20 இன்ச் தொட்டியில் ஒட்டு எலுமிச்சை. ஹாலில், மேற்குப் பார்த்த ஜன்னலை ஒட்டி 8 இன்ச் தொட்டியில் சிவப்பு ஆந்தூரியம். இரண்டுக்கும் செம்மண்ணும் மண்புழு உரமும்தான் கலவை. தினமும் காலையில் போர் தண்ணீர், 15 நாளைக்கு ஒரு முறை கடலைப்புண்ணாக்குக் கரைசல்.

எலுமிச்சையில் துளிர் இலைகள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. பூ பூத்துக் கொட்டிவிடுகிறது. ஆந்தூரியத்தில் இலை நுனி கருகுகிறது. கடைசியாக வந்த சிவப்புப் பூ பச்சையாக மாறியது, அதன் பிறகு பூவே இல்லை. எலுமிச்சைக்கு எப்சம் சால்ட் போடச் சொல்கிறார்கள். போடலாமா? இரண்டையும் ஒரே அட்டவணையில் ஓட்ட வழி இருக்கிறதா?

புளியங்குடியான்:
எலுமிச்சைக்கு மட்டும் சொல்றேன், ஆந்தூரியத்துக்கு வேற ஆளுங்க வருவாங்க.

எப்சம் சால்ட் வேண்டாம். அது மக்னீசியம். மக்னீசியக் குறை முதலில் முதிர்ந்த இலையில்தான் தெரியும்: இலை மஞ்சளாகி, காம்பு பக்கம் மட்டும் கவிழ்த்துப் போட்ட ‘வி’ மாதிரி பச்சை நிற்கும். துளிர் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு தொட்டி மண்ணைக் காரமாக்கிவிட்டது, அதனால் வேரால் இரும்பை எடுக்க முடியவில்லை. எலுமிச்சைக்கு மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் சுகம். 7.5 தாண்டினால் இந்த மஞ்சள் வர வாய்ப்பு அதிகம். தினமும் நனைந்தே கிடக்கிற மண்ணில் வேர் மூச்சுத் திணறினாலும் இதே மஞ்சள் வரும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கு.

கடையில் இரும்பு சீலேட் (வேர் எடுக்கிற மாதிரி கட்டிவைத்த இரும்பு உரம்) என்று கேட்டால் பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ. வகையைத் தருவார்கள். கார மண்ணில் அது நிற்காது, இலைவழியாகத் தெளிக்கத்தான் ஆகும். மண்ணுக்கு ஈ.டி.டி.எச்.ஏ. என்று கேட்டு வாங்குங்க. தண்ணீரில் கரைத்தால் ஒயின் மாதிரி கருஞ்சிவப்பாக இருக்கும். 3 கிராமை 3 லிட்டரில் கரைத்து, ஈர மண்ணில், சாயங்காலம் ஊற்றுங்க. பழைய மஞ்சள் இலை முழுசாகத் திரும்பாது, அடுத்து வருகிற துளிரைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும். தரையில் சிந்தினால் கறை போகாது.

தண்ணீர் விஷயம் காய்ச்சலும் பாய்ச்சலும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்க. காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வெளியே வருகிற அளவுக்கு ஊற்றணும், 20 இன்ச் தொட்டிக்கு 4, 5 லிட்டர் பிடிக்கும். ஈரமாக இருந்தால் அன்றைக்கு விட்டுடுங்க. ஐப்பசியில் வாரம் ஒரு தடவைகூடத் தேவைப்படாது, சித்திரை வெயிலில் மாடியில் தினமும் கேட்கும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால்தான் அடித்துளை அடையாது.

பூ கொட்டுவதைப் பற்றிக் கவலைப்படுகிற எல்லோருக்கும்: எலுமிச்சையில் பூக்கிறதில் பெரும்பகுதி கொட்டத்தான் செய்யும். மிளகு அளவுப் பிஞ்சும் கொஞ்சம் உதிரும். ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை என்றால்தான் யோசிக்கணும். பூத்திருக்கும்போது ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்குவதும், பூ நேரத்தில் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடுவதும்தான் வழக்கமான காரணம். பூ வந்ததும் புண்ணாக்குக் கரைசலை நிறுத்தி, பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தொடங்குங்க. பூவிலிருந்து பறிக்க ஐந்து மாதம் போல ஆகும்.

ஒட்டுக்குக் கீழே இருந்து கிளை வருதா பாருங்க. இலை பெரிசாக, முள் நீளமாக, வேகமாக வளரும். அது அடிச்செடி. கையால் பிய்த்து எடுத்துடணும், விட்டால் மேலே இருக்கிற ஒட்டைச் சாப்பிட்டுவிடும்.

நிழல்வலை:
ஆந்தூரியத்துக்கு வருகிறேன். முதல் வேலை, அந்தச் செம்மண்ணிலிருந்து அதை வெளியே எடுப்பது. ஆந்தூரியம் காட்டில் மரத்தில் தொற்றி வளரும் குடும்பத்துச் செடி. வேர் தடிமனாக, காற்றுப் படும்படி இருக்க வேண்டும். செம்மண் இறுகியதும் வேர் அழுகும்.

மாற்று கலவை: ஒரு இன்ச் அளவில் வெட்டிய தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, மரக்கரி 1 பங்கு, உடைத்த செங்கல் 1 பங்கு. மட்டையை மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் நாள் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும், உப்பும் அதோடு போகும். செடியை எடுத்து வேரை அலசிப் பாருங்கள்: வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உருவி உள்ளே நார் மட்டும் நின்றால் அழுகல், வெட்டிவிடுங்கள். நடும்போது குருத்து கலவைக்கு மேலே இருக்க வேண்டும். 6 இன்ச் தொட்டி போதும், வேருக்கு மிஞ்சிய தொட்டி காயவே காயாது.

நுனி கருகல் உப்பு. நேரடி வெயில் பட்டிருந்தால் பெரும்பாலும் இலையின் நடுவில் வெளிறிய திட்டு வரும். ஆர்.ஓ. கழிவு நீர் விடுகிறீர்களா என்று பாருங்கள். அது போர் தண்ணீரைவிட மோசம், எலுமிச்சைக்கும் ஆகாது. மழைநீர் உத்தமம், ஏ.சி. தண்ணீரும் நன்றாக வேலை செய்கிறது. மட்டைக் கலவையில் இரண்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை விட்டு வடியவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

பூ பச்சையானது நோய் அல்ல. நாம் பூ என்று சொல்வது மடல். நடுவில் நிற்கும் திரியில்தான் உண்மையான பூக்கள் பொடிப் பொடியாக இருக்கின்றன. மடல் வயதானால் பச்சையாகும், அடியோடு வெட்டிவிடலாம். அடுத்த பூ ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு புது இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வர வேண்டும். இலையே வரவில்லை என்றால் வேர்ப் பிரச்சினை, இலை வந்து பூ வராவிட்டால் வெளிச்சம் போதவில்லை. மேற்கு ஜன்னலில் மதியம் 2 மணிக்கு மேல் வெயில் நேரே விழும், வெள்ளைத் திரை போடுங்கள். இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டினால் ஓரம் மங்கிய நிழல் விழ வேண்டும், அந்த வெளிச்சம் சரி. நிழலே விழாத மூலையில் பூ எதிர்பார்க்காதீர்கள்.

உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), லிட்டருக்கு 1 கிராம், 15 நாளைக்கு ஒரு முறை. மாதம் ஒரு முறை கால்சியம் நைட்ரேட் 1 கிராம் தனியாக. இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் படிந்துவிடும். ஏ.சி. தண்ணீரில் கால்சியம் இல்லை, அதனால் இதை விட்டுவிடாதீர்கள். புண்ணாக்குக் கரைசலை மட்டைக் கலவையில் ஊற்றினால் இடுக்குகளில் தங்கிப் புளிக்கும், நாற்றம், குட்டி ஈ, பிறகு அழுகல்.

வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இது சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு இனம்தான். கடித்தால் வாய் அரிக்கும்.

வேப்பங்கொழுந்து:
இவ்வளவு கெமிக்கல் எதுக்கு? லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா, ரெண்டுக்கும் தெளிச்சா போதுமே.

புளியங்குடியான்:
எலுமிச்சைக்குத் தாராளமாகத் தெளிக்கலாம், துளிர் நன்றாக வரும். ஆனால் மண்ணின் காரத்தை அது இறக்காது. தண்ணீரை மாற்றாமல் எதைத் தெளித்தாலும் மஞ்சள் திரும்பி வரும். மழைநீர் பிடித்து வைத்து, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலே நல்ல மாற்றம் தெரியும். ஹாலில் பஞ்சகவ்யா தெளித்தால் வீட்டில் யார் சாப்பிட உட்காருவாங்க என்பது தனிக் கேள்வி.

மேடவாக்கம்_மாடி:
மிக்க நன்றி இருவருக்கும். இன்னொன்று: எலுமிச்சை இலையில் வெள்ளைக் கோடு நெளிநெளியாகப் போயிருக்கிறது. சில இலைகளில் மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான புள்ளி. ஆந்தூரியத்தில் காம்படியில் மாவுப்பூச்சி. ஒரே மருந்தை இரண்டுக்கும் அடிக்கலாமா?

நிழல்வலை:
வேப்பெண்ணெய் வரைக்கும் பொது: லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி, சாயங்காலம். எலுமிச்சையில் துளிர் விரிகிறபோதே 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை. நெளிகோடு இலைத்துளைப்பான், புழு இலைக்குள் போன பிறகு அடித்துப் பலன் குறைவு. ஆந்தூரியத்தில் மடல் மேல் படாமல், மாவுப்பூச்சியைப் பஞ்சால் துடைத்துவிட்டு காம்படிக்கு மட்டும்.

சொரசொரப்புப் புள்ளி சொறிநோய். பூச்சி துளைத்த காயம் வழியாகவும் அது நுழையும். பாதித்த கிளையை வெயில் நாளில் வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம். இதை ஆந்தூரியத்துக்கு அடிக்கவே கூடாது. செம்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது, இலை கருகும். தெளிப்பானைக் கழுவினாலும் குழாயில் மிச்சம் நிற்கும், ஆந்தூரியத்துக்கென்று அரை லிட்டர் கைத்தெளிப்பான் தனியாக வாங்கி, மேலே பெயர் எழுதி வையுங்கள்.