கோமாரிக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்துவிட்ட சிறு பண்ணை: விற்பனை, பால், ஆடுகள் குறித்து ஆலோசனை தேவை

டொங்காட் கறவைப் பண்ணை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், டொங்காட் ஊரை ஒட்டிய கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நானும் என் கணவரும் ஒரு சிறிய கறவைப் பண்ணை நடத்தி வருகிறோம். பாலில் பெரும்பகுதி சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கும், அபிஷேகத்துக்காகக் கோயில்களுக்கும் செல்கிறது. ஆண் கன்றுகளை வளர்த்து ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தைக் கொண்டே குளிர்காலத் தீவனத்தை வாங்குவோம். சில ஆடுகளும் இருக்கின்றன. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பவர்கள் எங்களிடம் வந்து ஆடு வாங்கிச் செல்வது என் மாமனார் காலத்திலிருந்து நடந்து வரும் வழக்கம்.

அண்மையில் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கோமாரி நோய் ஆய்வகச் சோதனையில் உறுதியாகி, அந்த இடம் தனிமைப்படுத்தப்பட்டது. எங்கள் நிலமும் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகிறது என்று எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறார்கள். எங்கள் மாடுகளில் இதுவரை எந்த அறிகுறியும் இல்லை. ஆனால் ஏலம் நின்றுவிட்டது. விற்க வேண்டிய கன்றுகள் தொழுவத்திலேயே நின்று தீவனத்தைத் தின்கின்றன. வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை.

கன்றுகளை விற்க வழி ஏதேனும் உண்டா? பாலைத் தொடர்ந்து கொடுக்கலாமா? தடுப்பூசியை நாங்களே விலை கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்ள முடியுமா? இவற்றைவிட என்னைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு மாட்டின் வாயில் நுரை தெரிந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று கணவர் கூறுகிறார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிலரோ, "சொன்னால் பல மாதங்களுக்குப் பண்ணையையே முடக்கிவிடுவார்கள், சொல்லாமல் இருந்தால் இரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும்" என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தவை. சந்தேகம் வந்த அன்றே அரசுக் கால்நடை அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டப்படி கோமாரி கட்டுப்படுத்தப்பட்ட நோய். சந்தேகம் எழுந்தாலே தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. கொப்புளம் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்த மாடு மூச்சிலும் எச்சிலிலும் பாலிலும் வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நாம் நுரையைப் பார்க்கும் நேரத்தில் நோய் ஏற்கெனவே நம்மைவிட முன்னால் போய்விட்டது. அதற்குப் பிறகு மௌனமாகக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் இன்னொருவருடைய தொழுவத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

"தானாக ஆறிவிடும்" என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். ஆனால் பால் சடுதியில் இறங்கும், மடிநோய் பின்தொடரும், குளம்பு கெட்ட மாடு பழைய நிலைக்குத் திரும்பாமலும் போகலாம். இளங்கன்றுகளில் இந்த வைரஸ் இதயத் தசையைத் தாக்குவதால், வாயில் ஒரு கொப்புளமும் இல்லாத கன்று பால் குடித்த சற்று நேரத்தில் விழுந்து இறந்துவிடலாம். ஆறிய மாடுகளில் சில, தொண்டைப் பகுதியில் வைரஸை நீண்ட காலம் சுமந்துகொண்டிருக்கும்.

நோய்த்தொற்று ஏற்பட்ட 2 முதல் 14 நாள்களுக்குள் பொதுவாக அறிகுறி தெரியும். காலையில் கறக்கும்போதே ஒவ்வொரு மாட்டையும் பாருங்கள். காய்ச்சல் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது, தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகுவது, உதட்டைச் சப்புக்கொட்டுவது, கயிறு போல் எச்சில் ஒழுகுவது, காலை மாற்றி மாற்றி வைப்பது ஆகியவை முதலில் வரும். பிறகு நாக்கிலும் ஈறிலும் குளம்புப் பிளவிலும் காம்பிலும் கொப்புளம் எழும்பி, ஒரு நாளுக்குள் உடைந்து புண்ணாகத் தெரியும். ஆடுகளில் இவை மிக இலேசாக இருக்கும். ஓர் ஆடு சற்று நொண்டினால் அதை முள் குத்தியதென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தடுப்பூசியை நீங்கள் கடையில் வாங்க முடியாது. யாருக்கு, எந்த வரிசையில் போடுவது என்பதை அரசுதான் தீர்மானிக்கிறது. உலகில் கோமாரி வைரஸுக்கு ஏழு வகைகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காட்டெருமைகளிடம் வாழும், 'சாட்' (SAT) எனப்படும் வகைகள் மூன்றுமே நமக்குப் பகை. ஒரு வகைக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. போட்ஸ்வானா தடுப்பூசி நிறுவனத்திலிருந்து பெருமளவு ஊசி மருந்து வந்திருக்கிறது. ஊசி போட்டாலும் பாதுகாப்பு சில மாதங்களே நீடிக்கும், மறு ஊசி தேவைப்படும். ஊசி போட்ட மாடுகளை நிலையாக அடையாளமிடுவார்கள். அவற்றின் நடமாட்டத்துக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. இதை முன்பே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

பாலைப் பற்றி: உங்கள் பண்ணையில் நோய் இல்லாதவரை பால் கொடுப்பது குறித்து அலுவலகம் எழுதித் தந்த நிபந்தனைகளைப் பின்பற்றுங்கள். இந்த நோய் மனிதருக்கு அபாயமில்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. மீந்த பச்சைப் பால் யாரோ ஒருவருடைய கன்றுக்கோ பன்றிக்கோ போய்ச் சேர்ந்தால் நோயும் சேர்ந்து போகும். சாதாரணமாக 72 பாகையில் 15 விநாடி சூடாக்குவது ஒருமுறை செய்தால் போதாது. விலங்குகளுக்குக் கொடுக்கும் பாலாக இருந்தால் உலக விலங்கு நல அமைப்பின் விதி அதை இருமுறை செய்யச் சொல்கிறது. அபிஷேகப் பால் காய்ச்சாமல் செல்வதால், கோசாலை வைத்திருக்கும் கோயில்களுக்கு இந்தக் காலம் முடியும்வரை பச்சைப் பால் அனுப்பாதீர்கள். அவர்கள் கடையில் விற்கும் நீண்டநாள் கெடாத பாலைப் பயன்படுத்தட்டும். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஹோவிக் பண்ணையாளர் எழுதியது:

அக்கா, வணக்கம். மருத்துவர் ஐயா நோயைப் பற்றி எழுதிவிட்டார். நான் பணத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் பண்ணையைக் கொல்வது பல நேரங்களில் நோயைக் காட்டிலும் காத்திருப்புதான்.

வடக்கு குவாசூலு-நேட்டாலில் 2021 மே மாதத்தில் நோய் வெளிப்பட்ட பிறகு, 2022 ஆகஸ்டில் நாடு முழுவதும் 21 நாள்களுக்கு மாடுகளின் நடமாட்டத்தையே அரசு தடை செய்தது. அப்போது எங்கள் பகுதியில் நோய் இல்லை, இருந்தும் ஒரு கன்றைக்கூட நகர்த்த முடியவில்லை. எல்லோரும் அரசைத் திட்டினோம். ஆனால் 2019இல் லிம்போப்போவில் வந்த நோயால் நாடு தன் கோமாரியற்ற தகுதியை இழந்ததையும், அதனால் ஏற்றுமதிச் சந்தைகள் மூடிக்கொண்டதையும் நினைத்துப் பார்க்கும்போது, மாடு ஏற்றிச் செல்லும் லாரிகளைத் தடுக்காமல் வேறெதைத் தடுப்பது என்ற கேள்விக்கு எவரிடமும் பதில் இல்லை. நோயை ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு சென்றது காற்றைவிட அதிகமாக லாரிகளும் ஏலச்சந்தைகளும்தான் என்று நான் நம்புகிறேன்.

விற்பனைக்கு ஒரே திறந்த வாசல் இறைச்சிக்கூடம். அரசுக் கால்நடை அலுவலகத்தின் நடமாட்ட அனுமதிச் சீட்டுடன், அவர்கள் குறிப்பிடும் இறைச்சிக்கூடத்துக்கு, வழியில் எங்கும் இறக்காமல் நேரே கொண்டுசெல்ல அனுமதி கேட்கலாம். விலை ஏலத்தைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். இருந்தாலும் தீவனச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: இன்று குறைந்த விலைக்குப் போகும் கன்று, இன்னும் சில மாதம் தின்றுவிட்டு நல்ல விலைக்குப் போகும் கன்றைவிட மலிவான இழப்பாக இருக்கலாம். அனுமதிச் சீட்டோடு, கால்நடைத் திருட்டுச் சட்டம் கேட்கும் உரிமைச் சான்றும் உங்கள் சூட்டுக்குறியும் ஒழுங்காக இருக்க வேண்டும். காகிதம் ஒன்று குறைந்தால் சாலையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நட்ட ஈட்டை நம்பித் திட்டமிடாதீர்கள். சட்டம் நட்ட ஈடு பற்றிப் பேசுவது அரசின் ஆணையால் அழிக்கப்படும் விலங்குகளுக்குத்தான். விற்க முடியாமல் நின்ற மாட்டுக்கு எவரும் பணம் தருவதில்லை. இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் ஊருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டவனின் செலவை ஊர் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த நியாயம் கிடைக்கும்வரை தவணை காத்திருக்காது. எனவே கையிருப்பு தீரும் முன்பே வங்கிக்கு எழுதுங்கள், கட்டுப்பாட்டுப் பகுதிக் கடிதத்தின் நகலை இணையுங்கள். கையிருப்பு தீர்ந்த பிறகு கேட்பவருக்கும் முன்பே கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் வேறு.

தீவனத்துக்கு உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கரும்பு வெட்டு நடக்கும் காலத்தில் தோகை தாராளமாகக் கிடைக்கும். அதில் புரதம் குறைவு. ஆலையின் கரும்புப் பாகோடு சிறிது யூரியா சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. அளவு தவறினால் யூரியா மாட்டைக் கொன்றுவிடும், ஆகவே கறவை ஆலோசகர் ஒருவர் அளவு எழுதித் தராமல் அதைத் தொடாதீர்கள். பால் குறைந்த மாடுகளை முன்கூட்டியே வற்றவிட்டால் தீவனமும் மிச்சமாகும்.

வெருலம் கோயில் அன்பர் எழுதியது:

ஆடுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மருத்துவர் ஐயா சொன்னபடி ஆட்டில் நோய் மறைந்து நிற்கும் என்றால், ஆடி மாதத்தில் சாலையோரத்தில் ஆடு வாங்கி, பக்கி என்னும் சிறு சரக்கு வண்டியின் பின்புறத்தில் ஏற்றி, டர்பனின் ஃபீனிக்ஸுக்கும் சாட்ஸ்வொர்த்துக்கும் கொண்டுபோகும் நம் வழக்கம் இந்த ஆண்டு பெரும் ஆபத்து. எங்கள் கோயிலில் கூடிப் பேசினோம். கூழ் வழக்கம்போல் வார்க்கிறோம். கோழிகளுக்குக் கோமாரி வராது என்பதால் கோழி நேர்ந்துகொண்டவர்களுக்குத் தடை இல்லை. ஆடு நேர்ந்துகொண்டவர்கள் பூசணிக்காயும் எலுமிச்சையும் அறுத்து, நோய் ஓய்ந்த பிறகு நேர்த்தியைச் செலுத்துவதாக அம்மனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கொள்ளை நோய்களிலிருந்து காக்கும் தாயின் திருவிழாவே கொள்ளை நோயைப் பரப்புவதற்குக் காரணமாக அமையக் கூடாது. உங்களிடம் வழக்கமாக ஆடு வாங்குபவர்களுக்கு இதை நீங்களே முன்கூட்டிச் சொன்னால், வாசலில் வந்து நின்று அவர்கள் ஏமாற மாட்டார்கள்.

டொங்காட் கறவைப் பண்ணை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கோயில்களுக்கும் ஆடு கேட்பவர்களுக்கும் இன்றே செய்தி அனுப்பிவிட்டோம். இறைச்சிக்கூட அனுமதிக்கும் விண்ணப்பிக்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகங்கள், ஐயா. எங்களிடம் பொலிகாளை இல்லை. பக்கத்து ஊர்க் காளையைத்தான் கொண்டுவருவோம். ஒரு பசு சினைப்பருவத்துக்கு வந்திருக்கிறது. மேலும், மாட்டுக்கு உண்ணி மிகுந்துவிட்டதால் மாடுகளை உண்ணி மருந்துநீரில் முக்கியெடுக்கும் பொது டிப் தொட்டிக்கு ஓட்டிச் செல்லலாமா?

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

இரண்டுக்கும் என் பதில் 'வேண்டாம்' என்பதே, அம்மா. காளையைக் கொண்டுவருவது சட்டப்படியும் தடை, நோய்ப்படியும் தற்கொலை. செயற்கைக் கருவூட்டல் செய்பவரை அழையுங்கள். அவர் வேறு பண்ணையிலிருந்து நேரே வரக் கூடாது, வந்தால் உங்கள் பூட்ஸையும் மேலாடையையும் அணியட்டும். அதுவும் இயலாவிட்டால் இந்தச் சினைப்பருவம் வீணாகப் போகட்டும். சுமார் 21 நாளில் அடுத்தது வரும்.

பொது டிப் தொட்டிகள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குக் கரைக் காய்ச்சல் நேட்டாலின் மாடுகளை வாரிக்கொண்டு போன காலத்தில் பரவியவை. உண்ணியைக் கட்டுப்படுத்தி அந்த நோயை நாட்டைவிட்டே விரட்டியதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் கோமாரிக்கு உண்ணி தேவையில்லை, மாட்டுக்கு மாடு மூக்கு உரசினால் போதும். பல மந்தைகள் ஒரே நாளில் கூடும் இடம் அதற்கு வாய்ப்பானது. முதுகில் ஊற்றும் உண்ணி மருந்தை வீட்டிலேயே பயன்படுத்துங்கள்; கறவை மாட்டுக்கு ஏற்றதா, எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பதைப் புட்டியின் மேல் படித்துப் பாருங்கள்.

வாசலைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. ஒரே ஒரு நுழைவாயிலைத் திறந்து வையுங்கள். தீவன லாரி வாசலுக்கு வெளியிலேயே இறக்கட்டும். நோயுள்ள பகுதியிலிருந்து வைக்கோல் வாங்காதீர்கள். சக்கரங்களிலும் காலணிகளிலும் ஒட்டிய சாணத்தையும் சேற்றையும் முதலில் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகுதான் மருந்துநீரில் நனைக்க வேண்டும்; சேற்றின் மேல் ஊற்றிய மருந்து வேலை செய்யாது. விலையுயர்ந்தது கிடைக்காவிட்டால் 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ சலவைச் சோடா போதும், இந்த வைரஸ் காரத்தையும் அமிலத்தையும் தாங்காது. யார் வந்தார், எங்கிருந்து வந்தார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நாளை அலுவலர் வந்து கேட்கும்போது அந்தக் குறிப்பேடு உங்களுக்காகப் பேசும்.

தடை நீங்கி மாடு வாங்கும் நாள் வந்தாலும், விற்பவரிடம் நலச் சான்றை எழுத்தில் கேளுங்கள். புதிதாக வந்ததை 28 நாள் உங்கள் மந்தையோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள். 2022ஆம் ஆண்டுத் தடைக்குப் பின் வந்த விதியும் இதையே சொல்கிறது. உங்கள் பசுக்களில் ஏதேனும் ஒன்று சாப்பிட மறுத்தால் இங்கே எழுதுவதற்கு முன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.