"இதுதாண்ணே கடைசி": களத்தில் கேட்டவை, வீட்டில் பார்த்தவை

மதுரைக்காரர்:

ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கான எச்.ஐ.வி. தடுப்பு வேலையில் களப்பணியாளராக இருக்கிறேன். நானும் தன்பாலின ஈர்ப்பு உள்ளவன்தான். பஸ் ஸ்டாண்டு, பூங்கா, இப்போது செல்போன் ஆப் என்று எங்கே பேசினாலும் ஒரு பேச்சு வந்துவிடும்: "இதுதாண்ணே கடைசி. இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்."

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பியும் அப்படித்தான் சொன்னார். ஆணுறைப் பாக்கெட்டை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்ண்ணே. இத வாங்கி வச்சா மறுபடியும் போவேன்னு ஆயிடும்ல. கார்த்திகைல மாலை போடப் போறேன், அதோட விட்டுருவேன்."

எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்று கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்வார் அவர். தெரியாமல் யாரும் இப்படிப் போவதில்லை. பையில் ஆணுறை இருந்தால், தான் இப்படிப்பட்டவன் என்று தனக்குத் தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்குப் பயந்து வெறுங்கையோடு போகிறார்கள். தைரியத்துக்கு ஒரு குவார்ட்டர். அப்புறம் இருட்டில், அவசரத்தில், எதிரில் இருப்பவரிடம் "ஆணுறை இருக்கா" என்று கேட்கக்கூட வாய் வராது. இவர்களிடம் இன்னொரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஆணும் ஆணும் உறவு வைப்பதைக் குற்றமாக்கிய 377-வது பிரிவிலிருந்து நம்மை விடுவித்ததை அந்தத் தம்பியிடம் சொன்னேன். "கோர்ட்டு சொன்னா எங்கம்மா ஒத்துக்குவாங்களாண்ணே?" என்று கேட்டார்.

இன்னொருவர் கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகள். மனைவி மேல் உண்மையான பிரியம் உண்டு, ஆண்கள் மேலும் ஈர்ப்பு உண்டு. பயம் வந்து, தானாகவே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். "வேற பொம்பளைங்ககூடப் பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறார். அப்படியென்றால் உங்களுக்கு எதற்குப் பரிசோதனை என்று அனுப்பிவிட்டார்கள். "நான் பொய் சொல்லலைங்க, அவங்க கேட்கலை" என்றார் என்னிடம். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

பிறகு நம்பிக்கை மையம் எனப்படும் அரசு எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்துக்கு நான் கூட்டிப்போனேன். அங்கே இருந்த ஆலோசகர் அம்மா, வயசு என்ன என்று கேட்கும் அதே குரலில், "ஆம்பளைங்களோடயா, பொம்பளைங்களோடயா, ரெண்டு பேரோடயுமா?" என்று கேட்டார். மனிதர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தொற்று இல்லை என்றுதான் முடிவு வந்தது. புதிதாகத் தொற்றியிருந்தால் உடனே காட்டாமல் போகலாம் என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். யாரும் இழுத்துப் போகாமல் தானே போய்வந்தார்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்:

அண்ணன் சொல்வது பரிசோதனைக்கு முன்னால் நடப்பது. பின்னால் நடப்பதை நான் பார்த்தேன். என் அறை நண்பனுக்கு மூன்று பரிசோதனையிலும் பாசிட்டிவ். "எனக்கு இது வேணும்டா, நான் பண்ணதுக்கு இது வேணும்" என்றான். எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை இலவசம், தினமும் ஒன்றுதான். வைட்டமின் டப்பாவில் மாற்றிப் போட்டு வைத்திருப்பான், ஆனால் முழுங்க மாட்டான். தண்டனை என்று நம்பிவிட்டவனுக்கு மருந்து எதற்கு என்று தோன்றியிருக்கிறது.

அவனை மாற்றியது ஒரு சேதிதான். மாத்திரையை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது. ஐரோப்பாவில், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஆணுறை இல்லாத 76,000-க்கும் மேற்பட்ட உறவுகளில், சிகிச்சையில் இருந்த இணையரிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இதை நர்ஸ் அக்கா சொன்னபோது அவன் மூன்று தடவை திருப்பிக் கேட்டான். தன்னைத் தொட்டாலே அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவன். இப்போது மாத்திரை நேரத்துக்கு என்னை அவன்தான் சாப்பிடக் கூப்பிடுகிறான்.

சென்னையிலிருந்து:

படிக்கிறவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். ஆணுறை கிழிந்தாலோ, இல்லாமலே உறவு நடந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையிலேயே அந்த நேரம் கடந்துவிட்டது. சொல்வதற்கு நீளமாக எதுவும் வேண்டாம்: "ஆணோடு உறவு, ஆணுறை இல்லை, நேற்று ராத்திரி." அவ்வளவு போதும். உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் 1097-க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.